செத்த மாட்டைப் புதைக்கும் முன்: வெள்ள நிவாரணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளம் வடிந்த மறுநாள் தொழுவத்தில் கறவை மாடு விறைத்துக் கிடக்கிறது. வயிறு உப்பத் தொடங்கிவிட்டது. நாற்றம் எடுக்குமுன் நான்கு பேர் கூடிக் குழிவெட்டிப் புதைத்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கெடுக்க ஆள் வரும்போது காட்டுவதற்கு மண்மேடுதான் இருக்கிறது. கால்நடை நிவாரணம் அதிகம் கைநழுவுவது இப்படித்தான்.

இறப்பைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) பதிவு செய்ய வேண்டும். ஆகவே முதல் வேலை, இருவருக்கும் போன் அடிப்பது. ரோடு துண்டாகி அவர்களால் அன்றே வர முடியாவிட்டால், படம் எடுத்துக்கொள்ளுங்கள்: மாடு முழுதாக ஒன்று, காதில் மாட்டிய அடையாள வில்லையின் (காதுவில்லை) 12 இலக்க எண் தெளிவாகத் தெரியும்படி ஒன்று, வீடும் தொழுவமும் சேர்ந்து தெரிய ஒன்று. அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சியாக வைத்து, விஏஓவிடம் சொல்லிவிட்டுப் புதையுங்கள். ஆடுகள் அடித்துச் செல்லப்பட்டிருந்தால் இன்னும் அவசரம். தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்காமல், எத்தனை காணோம் என்பதை அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

தொகை பற்றியும் குழப்பம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழக அரசு மாட்டுக்கு 30,000 ரூபாயாக இருந்ததை 37,500 ஆகவும், ஆட்டுக்கு 3,000 ரூபாயாக இருந்ததை 4,000 ஆகவும் உயர்த்தியது. 2022-26 காலத்துக்கான மத்திய அரசின் விதிமுறையில் கன்றுக்கு 20,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய். கன்றைக் கறவை மாடு என்று எழுதிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். அந்த ஒரு பொய்யால் மனு முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அதே விதிமுறையில் ஒரு குடும்பத்துக்குப் பால் மாடு என்றால் 3, ஆடு என்றால் 30 என்று உச்சவரம்பு இருக்கிறது. வயல்களில் மந்தையை அடைத்துப் பிழைக்கும் கிடைக்காரர் நூறு ஆடு இழந்தாலும் அவருக்கு 30 ஆட்டுக்கான 1,20,000 ரூபாய்தான். இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். கிடை போடுகிறவருக்கு நிலம் கிடையாது, மந்தைதான் சொத்து. ஆனால் வரம்பைத் தாண்ட ஒரே வீட்டு ஆடுகளை நாலு பேர் பெயரில் பிரித்து எழுதினால், விசாரணையில் எல்லாப் பெயரும் அடிபடும். வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, வளர்க்கும் அடுத்தவர் ஆடுகள் வேறு விஷயம். யாருடையது எத்தனை என்று உரிமையாளரும் வளர்ப்பவரும் முன்பே பேசி, ஒரே கணக்கைச் சொல்லுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு நோய் வந்து சாகும் மாடு இந்தக் கணக்கில் சேராது. மழை விட்ட பத்தாம் நாள் செத்ததை வெள்ளச் சாவு என்று எழுதாதீர்கள். அதற்குத் தடுப்பூசியும் காப்பீடும்தான் வழி. காப்பீடு செய்திருந்தால் காதுவில்லையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். வில்லை இல்லாமல் காப்பீட்டுப் பணம் வாங்குவது மிகக் கடினம்.

நிவாரணப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ரொம்ப நாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மனு கொடுக்கும் முன் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஒருமுறை வங்கிக்குப் போய் வாருங்கள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அந்தப் பாஸ்புக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.