வாங்கிய விலை வேறு, ஏட்டில் ஏறும் விலை வேறு: டிரான்ஸ்ஃபர் செய்திகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆகஸ்டில், எழுதப் பழகும் தம்பி ஒருவன் தன் கட்டுரையை எனக்கு அனுப்பியிருந்தான். அந்தக் கோடையில்தான் இங்கிலாந்துக் கால்பந்தின் மேல்மட்ட லீகான பிரீமியர் லீகுக்கு ஏறிவந்த கிளப் ஒன்றைப் பற்றியது. வீரர்களை வாங்கியது இவ்வளவு, விற்றது இவ்வளவு, மிச்சம் 105 மில்லியன் பவுண்டைத் தாண்டிவிட்டது, ஆகவே புள்ளிகள் பறிபோவது உறுதி என்று முடித்திருந்தான். படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. அவன் மேல் இல்லை. இதே வாக்கியத்தை, இதே தெம்போடு, 2023 பிப்ரவரியில் நானே எழுதியிருக்கிறேன்.

போலிக் கணக்குகளை நம்பாதே, தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பகிராதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு சீசன் அடிபட்டால் தானாக வந்துவிடும்.

விலையை ஒரே வருடச் செலவாக எழுதுவது

2023 ஜனவரியில் செல்சி ஏறக்குறைய 300 மில்லியன் பவுண்டு கொட்டியது. பென்ஃபிகாவிலிருந்து வந்த என்சோ பெர்னாண்டஸ் மட்டுமே 106.8 மில்லியன். வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் ஜன்னல் மூடும்போது நமக்கு விடிகாலை நாலரை. தூக்கக் கலக்கத்தோடு பேப்பரில் கூட்டிக் கழித்தேன். மூன்று வருடத்துக்குச் சேர்த்து 105 மில்லியனுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்பது பிரீமியர் லீகின் பிஎஸ்ஆர் விதி. ஒரே மாதத்தில் அதைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு போயிருக்கிறதே, இனி என்ன சந்தேகம்? புள்ளிக் கழிவு நிச்சயம் என்று எழுதினேன். எழுதியதோடு விட்டேனா, நண்பர்களோடு பந்தயமும் கட்டினேன். ஒன்பது பேருக்குப் பிரியாணி.

எங்கள் தெருவில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கால்பந்து பார்க்கிற ஆளே இல்லை. கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, லாரி வாங்குறவன் மொத்த விலையையும் அந்த வருஷச் செலவுலயா எழுதுவான்? தேய்மானம்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையா?"

விஷயம் அவ்வளவுதான். வீரரின் விலையை அவருடைய ஒப்பந்த காலத்துக்குச் சமமாகப் பிரித்துத்தான் கணக்கேட்டில் ஏற்றுவார்கள். என்சோவின் ஒப்பந்தம் எட்டரை வருடம். 106.8-ஐ எட்டரையால் வகுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 12.6 மில்லியன். நான் 106.8 என்று எழுதிய இடத்தில் ஏட்டில் நிற்பது இந்த 12.6-தான், கூடவே அவருடைய சம்பளம். செல்சி அவ்வளவு நீண்ட ஒப்பந்தங்களைப் போட்டதன் சூட்சுமமும் இதில்தான் இருந்தது. பிறகு ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா 2023 கோடையிலும், பிரீமியர் லீக் அந்த டிசம்பரிலும் வரம்பு கட்டின. ஒப்பந்தம் எத்தனை வருடமானாலும் போடலாம், தேய்மானத்தை ஐந்து வருடத்துக்கு மேல் பரப்பக்கூடாது. ஏற்கனவே போட்ட ஒப்பந்தங்களை அந்த வரம்பு தொடவில்லை.

விற்கும் பக்கம் இன்னும் மோசமாகத் தவறு நடக்கிறது. 50 மில்லியனுக்கு, ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்குகிறீர்கள். மூன்று வருடம் கழித்து ஏட்டில் அவர் மதிப்பு 20. அப்போது 30-க்கு விற்றால், 20 மில்லியன் நஷ்டம் என்று நாம் எழுதுவோம். கிளப்போ 10 மில்லியன் லாபம் என்று எழுதும்.

கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த பையனை விலை கொடுத்து வாங்கவில்லை, ஆகவே ஏட்டில் அவன் மதிப்பு பூஜ்யம். விற்றால் வருவது கிட்டத்தட்ட முழுக்க லாபம். ஆறு வயதில் செல்சிக்கு வந்த மேசன் மவுண்டை 2023-இல் மான்செஸ்டர் யுனைடெட் 55 மில்லியனுக்கு வாங்கியபோது, "நம்ம பையனைப் போய் விற்பார்களா" என்று கொதித்தவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. 2024 ஜூன் கடைசியில் நியூகாசில் தன் சொந்த மண்ணின் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு விட்டதும் இதே கணக்கில்தான்.

ஜூன் கடைசி என்றதைக் கவனியுங்கள். பெரும்பாலான கிளப்புகளின் கணக்கு வருடம் ஜூன் 30-இல் முடிகிறது. அதே ஃபாரஸ்ட் 2023-இல் இங்கேதான் மாட்டியது. தன் அகாடமிப் பையன் பிரெனன் ஜான்சனை டாட்டன்ஹாமுக்கு நல்ல விலைக்கு விற்றது, ஆனால் செப்டம்பர் 1-இல். கொஞ்சம் பொறுத்ததால்தான் கூடுதல் விலை கிடைத்தது என்று ஃபாரஸ்ட் வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை. 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் போயின. ஜன்னல் மூடும் இரவை விட ஜூன் கடைசி வாரம் எனக்கு முக்கியமாகிப்போனது இதனால்தான்.

2026-27 முதல் பிரீமியர் லீகில் பிஎஸ்ஆர் போய், அணிச் செலவு வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வருகிறது. யூஃபாவின் வரம்பு 70 சதவீதம். அந்தச் செலவிலும் சம்பளம், முகவர் கட்டணத்தோடு தேய்மானமும் உட்கார்ந்திருக்கிறது. ஆக, லாரிக் கணக்கை மறக்க வழியில்லை.

பிரியாணிக்கு நான்தான் பணம் கொடுத்தேன்.

எல்லோருக்கும் 105 என்று நினைப்பது

நஷ்ட வரம்பு, பிரீமியர் லீகில் இருந்த வருடத்துக்கு 35 மில்லியன், அதற்கு ஒரு படி கீழே சாம்பியன்ஷிப் லீகில் இருந்த வருடத்துக்கு 13 மில்லியன். மூன்றில் இரண்டு வருடம் கீழே இருந்த ஃபாரஸ்டுக்கு வரம்பு 61 மட்டுமே. அதற்கு மேல் 34.5 மில்லியன் போயிருந்தது. பெண்கள் அணி, இளையோர் பயிற்சி, மைதானம் போன்றவற்றுக்கான செலவைக் கழித்த பிறகுதான் நஷ்டத்தையே பார்ப்பார்கள்.

ரிலீஸ் க்ளாஸ் எல்லோருக்கும் உண்டு என்று நம்புவது

ஸ்பெயினில் ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும், கட்டினால் வீரர் கிளம்பிப் போகலாம் என்று ஒரு தொகை இருக்கும். அதனால்தான் 2017-இல் பார்சிலோனா விரும்பாதபோதும் நெய்மார் 222 மில்லியன் யூரோவைக் கட்டச்செய்துவிட்டுப் பாரிஸ் போக முடிந்தது. இங்கிலாந்தில் இரு தரப்பும் பேசி எழுதினால்தான் உண்டு, எழுதியதன் அர்த்தம் என்ன என்பதிலும் சண்டை வரும். 2013-இல் லூயிஸ் சுவாரஸின் ஒப்பந்தத்தில் இருந்த 4 கோடியைத் தாண்டுவதற்காக ஆர்சனல் 4 கோடியே 1 பவுண்டு தருவதாகச் சொல்லிப் பார்த்தது. லிவர்பூல் கொடுக்கவில்லை. அந்த ஒரு பவுண்டை நினைத்து இன்றும் சிரிப்பேன்.

"லோன்" என்றால் இரவல் என்று படிப்பது

எம்பாப்பே 2017-இல் மொனாகோவிலிருந்து பாரிஸுக்குப் போனதும் லோன்தான். அடுத்த வருடம் 180 மில்லியன் யூரோவுக்கு அவரைப் பாரிஸ் வாங்கிக்கொண்டது.

"இலவச" டிரான்ஸ்ஃபர்

பழைய கிளப்புக்குத்தான் பணம் இல்லை. வீரருக்கும் முகவருக்கும் புது கிளப் கொடுத்தாக வேண்டும்.

பவுண்டும் யூரோவும்

ஒன்றல்ல.

பேச்சு முடிந்ததை வேலை முடிந்ததாக எழுதுவது

2015 ஆகஸ்ட் 31. மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல்கீப்பர் டேவிட் டி கியா ரியல் மாட்ரிட்டுக்குப் போகிறார் என்று இரு கிளப்பும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. நானும் எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன். ஸ்பெயினில் நள்ளிரவுக்குள் பதிவாக வேண்டிய காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. டி கியா அதே செப்டம்பரில் யுனைடெட்டோடு புது ஒப்பந்தம் போட்டு 2023 வரை அங்கேயே இருந்தார்.

தம்பி இரண்டு நாளில் கட்டுரையைத் திருத்தி அனுப்பினான். தேய்மானத்தை ஒவ்வொரு வீரருக்கும் தனித்தனியாக வகுத்து, என்னைவிட அழகாகப் போட்டிருந்தான். வரம்பு என்ற இடத்தில் மட்டும் அதே 105.