பட்டன் போனில் வைஃபை காலிங்: வீட்டுப் பெரியவருக்கு வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் பெரியவர்கள் இருக்கும் பல வீடுகளில் லேண்ட்லைன் போய்விட்டது. செம்புக் கம்பித் திருட்டு ஓயவில்லை. தொலைபேசி நிறுவனமான டெல்காமும் பழைய கம்பி இணைப்புகளை விட்டுவிட்டு வயர்லெஸ், பைபர் என்று நகர்ந்துவிட்டது. ஆயாவுக்கோ ஸ்மார்ட்போன் கைவரவில்லை. திரையில் விரல் பட்ட இடமெல்லாம் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது. வீடு மேட்டின் மறுபக்கச் சரிவில் இருந்தால் செல் சிக்னலும் உள்ளே வராது. வாசற்படியில் நின்றுதான் பேச வேண்டும். வீட்டில் பைபர் இணையம் மட்டும் இருக்கிறது. அப்போது பிள்ளைகளுக்குத் தோன்றும் வழி, வைஃபை காலிங் உள்ள ஒரு சாதாரண பட்டன் போன்.

நல்ல வழிதான். பொருந்தி வந்துவிட்டால் வயதானவருக்கு இதைவிட நிம்மதியான போன் கிடையாது என்பது என் கருத்து. ஆனால் இது பொருந்துவதற்கு நெட்வொர்க், போன், வீட்டு ரவுட்டர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நம்மவர்கள் கடைக்குப் போய்ப் போனை வாங்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறார்கள். பெரும்பாலான ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

வைஃபை காலிங் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே விலகும். போன் உங்கள் வீட்டு இணையத்தின் வழியாக, மறைகுறியாக்கிய ஒரு தனிப் பாதை போட்டு, உங்கள் நெட்வொர்க் நிறுவனத்தின் வாசலுக்குப் போகிறது. அங்கே சிம்மைக் காட்டித் தன்னை அடையாளம் சொல்கிறது. அதன் பிறகு நடப்பது வழக்கமான போன் கால். அதே எண், அதே ஏர்டைம், அதாவது பேசுவதற்குப் போட்டுவைக்கும் பணம். தனி ஆப் எதுவும் வேண்டாம். எதிரில் பேசுகிறவருக்கு வைஃபையே தேவையில்லை. செல் கோபுரம் செய்கிற வேலையை ரவுட்டர் செய்கிறது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ளாததால் வரும் முதல் தவறு, வைஃபையில் பேசினால் காசு இல்லை என்று நினைப்பது. வாட்ஸ்அப் கால் பழகியவர்கள் இதில் எளிதாக விழுகிறார்கள். வைஃபை காலிங்கில் பேசும் நிமிடம் பொதுவாகச் சாதாரணக் காலைப் போலவே ஏர்டைமிலோ மாதத் திட்டத்தின் நிமிடங்களிலோ கழியும். உள்ளூரில் பேசினால் பெரிதாக வலிக்காது. ஆனால் டர்பனிலிருந்து சென்னைக்கோ லண்டனில் இருக்கும் பேத்திக்கோ அடித்தால் அது சர்வதேசக் கால்; அந்தக் கட்டணம்தான். தாத்தா மணிக்கணக்கில் ஊர்க்கதை பேசி முடிக்கும்போது மாத ஏர்டைம் முழுதும் காலியாகியிருக்கும். வெளிநாட்டு உறவுகள் அவரை அழைக்கட்டும், அவர் அவர்களை அழைக்க வேண்டாம் என்று வீட்டில் முதலிலேயே பேசிவைப்பது நல்லது. வேண்டுமானால் சர்வதேச அழைப்பை நெட்வொர்க்கிலேயே அடைத்துவைக்கச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள்.

அடுத்தது, பெட்டியில் ‘4ஜி’ என்று இருந்தால் எல்லாம் இருக்கும் என்ற நம்பிக்கை. 4ஜி இருந்தால் வைஃபை இருக்கும் என்று பொருளில்லை. நோக்கியா 105 4ஜி, 225 4ஜி இரண்டும் நல்ல பட்டன் போன்கள். இரண்டிலும் வைஃபையே கிடையாது. நோக்கியா 6300 4ஜி, 2720 ஃபிளிப் போன்ற, கைஓஎஸ் என்ற மென்பொருளில் ஓடும் போன்களில் வைஃபை உண்டு. அப்புறம், வைஃபை இருந்தாலே வைஃபை காலிங் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சில போன்களில் வைஃபை இணையம் பார்க்க மட்டும்தான். விவரக் குறிப்பில் ‘வோவைஃபை’ அல்லது ‘வைஃபை காலிங்’ என்று தெளிவாக இருக்க வேண்டும். கூடவே ‘வோல்ட்டீ’யும் இருக்க வேண்டும், அதாவது 4ஜி வழியாகவே குரல் போகும் வசதி. அது இல்லையென்றால் வைஃபையில் பேசிக்கொண்டே கொல்லைப்பக்கம் போகும்போது, ரவுட்டரின் எல்லை முடிந்த இடத்தில் கால் அறுந்துவிடும். வோல்ட்டீ இருந்து, வெளியே 4ஜி சிக்னலும் இருந்தால், பேச்சு அறுபடாமல் கோபுரத்துக்கு மாறிக்கொள்ளும்.

வோல்ட்டீ இல்லாத போனை வாங்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. அதில் கோபுரம் வழியாகப் பேசும் குரல் 2ஜி, 3ஜியில்தான் போகும். தென்னாப்பிரிக்காவில் 2ஜி, 3ஜி சேவைகளை 2027 முடிவுக்குள் நிறுத்துவது அரசின் கொள்கையாக வந்திருக்கிறது. தேதி முன்பின் ஆகலாம். ஆனாலும் இன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று 2ஜி மட்டும் உள்ள போனை ஆயாவுக்கு வாங்கிக் கொடுத்தால், பழகி முடிக்கும் நேரத்தில் அவரிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டிவரும்.

சரி, போனில் எல்லாம் இருக்கிறது. இப்போது நெட்வொர்க். வோடாகாம், எம்டிஎன் இரண்டிலும் வைஃபை காலிங் உண்டு. ஆனால் நெட்வொர்க்குகள் இந்த வசதியை மாடல் மாடலாகப் பார்த்துத்தான் திறந்துவிடுகின்றன. ஒரே பெயருள்ள போன் என்றாலும், வேறு நாட்டுக்கென்று தயாரித்ததில் அந்த மெனுவே தெரியாமல் போகலாம். ஊருக்குப் போய்வரும் உறவினர் ஆசையாக வாங்கிவரும் போன்களில் இது அடிக்கடி நடக்கும். அதிலும் ஜியோபோன், ஜியோபாரத் வகைகள் இந்தியாவின் ஜியோ சிம்முக்கென்றே பூட்டப்பட்டவை. இங்குள்ள சிம்மைப் போட்டால் வேலைக்கு ஆகாது. விலையைப் பார்த்து மனம் போகும். தயவுசெய்து வாங்கிவரச் சொல்லாதீர்கள்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் நெட்வொர்க்குக்குப் போன் செய்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இந்த மாடலில், இந்தப் பெரியவரின் எண்ணில், வைஃபை காலிங் வேலை செய்யுமா?” ப்ரீபெய்டா, கான்ட்ராக்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால் நெட்வொர்க்கை மாற்றலாம். எண்ணை வைத்துக்கொண்டே மாறும் வசதி இங்கே 2006 முதல் இருக்கிறது. நாற்பது வருடப் பழக்கமுள்ள உறவுகளெல்லாம் அந்த எண்ணைத்தான் மனப்பாடமாக வைத்திருப்பார்கள், அதை இழக்க வேண்டியதில்லை.

சிம்மும் பழையதாக இருக்கலாம். பல வருடத்துக்கு முன் வாங்கிய சிம் 4ஜிக்கு ஒத்துவராவிட்டால் சிம் மாற்ற வேண்டும். சிம் பதிவுக்கான ரிக்கா சட்டப்படி அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டு, பெரியவரையே அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். வேறு யாரிடமாவது அட்டையைக் கொடுத்தனுப்பி மாற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். உங்கள் எண்ணை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் சிம் மாற்று மோசடி இந்த நாட்டில் எத்தனையோ பேரின் ஓய்வூதியப் பணத்தைத் தின்றிருக்கிறது. மாற்றிய கையோடு வங்கிச் செய்திகள் ஒழுங்காக வருகின்றனவா என்றும் பாருங்கள்.

இனி மின்சாரம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலரும் இந்தப் போனை வாங்குவதே மின்வெட்டுக் காலத்துக்காகத்தான். லோட் ஷெடிங் என்னும் முறை மின்வெட்டு 2023-இல் இருந்த கொடுமை இப்போது இல்லை. ஆனாலும் கேபிள் திருட்டு, துணை மின்நிலையக் கோளாறு, மழைக்காலச் சேதம் எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு நடாலில் மின்சாரத்தோடு செல் கோபுரங்களும் பல முடங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெட்டு நீளும்போது கோபுரத்தின் பேட்டரி தீர்ந்துபோகும். பேட்டரியையே திருடிக்கொண்டு போவதும் நடக்கிறது. அந்த நேரத்தில் வீட்டு பைபர் வழியாகப் பேச முடிந்தால் அது பெரிய துணை.

ஆனால் ரவுட்டருக்கும் மின்சாரம் வேண்டுமே! பைபர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பெட்டிகள் இருக்கும்: சுவரில் பைபர் வந்து சேரும் பெட்டி ஒன்று, வைஃபை தரும் ரவுட்டர் ஒன்று. மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடவைக்கும் மினி யுபிஎஸ் வாங்கி ரவுட்டரை மட்டும் அதில் செருகிவிட்டு, சுவர்ப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். வைஃபை அடையாளம் திரையில் முழுசாகத் தெரியும், கால் மட்டும் போகாது. இரண்டுக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். பெட்டிகள் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்துப் பொருத்த வேண்டும்.

யுபிஎஸ்ஸின் அளவிலும் ஏமாறுவார்கள். ‘10,000 மில்லி ஆம்பியர் மணி’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 37 வாட் மணி. மின்னழுத்தத்தை உயர்த்துவதில் கொஞ்சம் வீணாகி, கைக்கு வருவது 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டியும் சேர்ந்து 14, 15 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்தான். வெட்டு நான்கு மணி நேரம் போகும் பகுதியில் இது போதாது. வாட் மணியைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, உங்கள் வீட்டு இணையம் பைபரா, சிம் போட்ட 4ஜி ரவுட்டரா? 4ஜி ரவுட்டர் என்றால் அதுவும் ஒரு செல் கோபுரத்தை நம்பித்தான் இருக்கிறது. கோபுரம் படுத்தால் வைஃபை காலிங்கும் படுக்கும். ஜன்னலோரம் ரவுட்டரை வைத்து வீட்டுக்குள் சிக்னலைக் கொண்டுவர அது உதவும். மின்வெட்டுக்கு மாற்றாக அதை எண்ணாதீர்கள்.

ரவுட்டரில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பட்டன் போன்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். 5-ஐ மட்டும் திறந்துவைத்திருந்தால் பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே வராது. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தாலும் சில போன்கள் ஒட்டாது, டபிள்யூபிஏ2-வையும் அனுமதியுங்கள். கடவுச்சொல்லை எண் பட்டன்களில் தட்ட வேண்டியிருக்கும் என்பதால் அந்த வேலையை நீங்களே முடித்துக்கொடுங்கள். அப்புறம் மருத்துவமனை, ஹோட்டல் வைஃபைகளில் முதலில் ஒரு பக்கம் திறந்து பெயர் கேட்பார்களே, அங்கே இந்தப் போன்கள் திணறும். வீட்டுக்கு வெளியே இதன் வைஃபையை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அவசர அழைப்பைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. கோபுரம் வழியாக 112 அடித்தால் நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று ஓரளவு தெரியும். வைஃபை வழியாகப் போகும் காலில் அந்த இட விவரம் நம்பத்தக்கதாக இருக்காது. ஆகவே பெரியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பழக்கம், எடுத்த எடுப்பில் முகவரியைச் சொல்வது. தெருப் பெயர், வீட்டு எண், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, போலீஸுக்கு 10111 இரண்டையும் அதே தாளில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணும் இருக்கட்டும். பல சமயம் முதலில் வந்து நிற்பவர் அவர்தான்.

எதை இழக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைஓஎஸ் போன்களில் வாட்ஸ்அப் ஒரு காலத்தில் இருந்தது. 2024 ஜூனில் புதிதாக இறக்குவதை நிறுத்தினார்கள், 2025 தொடக்கத்தோடு பழையதற்கும் ஆதரவு முடிந்தது. பழைய விளம்பரத்தை நம்பி ‘வாட்ஸ்அப் உண்டு’ என்று இன்னும் சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். கோயில் காவடி அறிவிப்பு, மாரியம்மன் கூழ் ஊற்றும் நாள், பேரன் அனுப்பும் படம் எதுவும் இந்தப் போனுக்கு வராது. வங்கி ஆப் வழியாக ‘சரி’ கொடுக்கும் வேலையும் நடக்காது. நட்சத்திரக் குறியிட்டு அடிக்கும் வங்கி, மானியச் சேவைகள் வைஃபையில் சில சமயம் ஓடாது. அதற்கு வாசற்படி சிக்னல்தான். இவையெல்லாம் அன்றாடம் தேவைப்படுகிற பெரியவருக்கு, பட்டன் போனைத் திணிக்காமல் எளிமையாக அமைத்த ஒரு ஸ்மார்ட்போனைத் தருவதே நியாயம். 2,500 ராண்டுக்குக் குறைவான ஸ்மார்ட்போன்களுக்கு இருந்த 9 சதவீத ஆடம்பர வரியை 2025 ஏப்ரல் முதல் நீக்கியும் இருக்கிறார்கள்.

மறுபக்கம், பட்டன் போனில் தவறான லிங்க்கைத் தொட்டு மாட்டும் பயம் பெரும்பாலும் இல்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று குரலில் ஏமாற்றுபவர்கள் மட்டும் இதிலும் வருவார்கள். பின் எண் கேட்டால் வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சிக்னல் பலவீனமான வீட்டில், வைஃபை வழியாகப் பேசும்போது பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கலாம், கோபுரத்தைத் தேடித் தேடிப் போன் களைத்துப்போவது குறையலாம்.

கடைசியாக, கடை ரசீது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தக் குறிப்பிட்ட தேவைக்காக ஒரு பொருளை வாங்குகிறீர்கள் என்று விற்பவரிடம் சொல்லி வாங்கினால், அது அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வழி உண்டு. வாயால் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கடினம். “இன்ன நெட்வொர்க்கில் வைஃபை காலிங்குக்காக” என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதித்தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் போனை விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, பக்கத்து அறையில் இருக்கும் போனுக்கு ஒரு கால் அடித்துப் பாருங்கள். மணி அடித்தால் வேலை செய்கிறது. அடிக்காவிட்டால் அமைப்புகளில் வைஃபை காலிங் திறந்திருக்கிறதா என்று பார்த்து, நெட்வொர்க்கையும் ஒருமுறை கேட்டுவிட்டு, ரசீதோடு கடைக்குப் போங்கள்.