"இந்தியன் பேசுவீர்களா?" என்று கேட்டால்

ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு நர்ஸ் வேலை. மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்: "வீட்டில் இந்தியன்தானே பேசுவீர்கள்?" வந்த புதிதில் பிரசங்கமே செய்வேன். எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள், அரசியல் சட்டப்படி தேசிய மொழி என்றே ஒன்று கிடையாது... கேட்டவர் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

இப்போதெல்லாம் பர்ஸில் ஒரு நூறு ரூபாய் நோட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைக் காட்டினால் இடது ஓரத்தில் பொடி எழுத்தில் 15 வரி, 15 மொழி. இந்தியும் ஆங்கிலமும் இதில் சேராமல் தனி. கீழிருந்து மூன்றாவது வரியில் விரல் வைத்து "இது என்னுடையது" என்று சொன்னால் போதும். அவர்களே எண்ண ஆரம்பிப்பார்கள். நடுவில் வாயைத் திறக்காதீர்கள்.

அடுத்தது, "உங்கள் ஊரில் எங்கும் பாம்பாட்டிகள்தானே?" என்ற கேள்வி. "இல்லவே இல்லை" என்று மறுத்துப் பயனில்லை, மனதில் பழைய படம் அப்படியே இருக்கும். எங்கே பார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஒரு தாத்தா, சின்ன வயதில் படக்கதைப் புத்தகத்தில் என்றார். சரி, அதற்குப் பதிலாக இன்னொரு படம் கொடுத்தேன்: எங்கள் பக்கத்து இருளர்கள். முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் அதை நிறுத்தியது. 1978 முதல் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். அந்த விஷத்தில்தான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023-இல் அவர்களில் இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தாத்தா மறுநாள் மாத்திரை கொடுக்கப் போனபோது, "விடும்போது திரும்பிக் கடிக்காதா?" என்றார். ராத்திரியெல்லாம் யோசித்திருப்பார் போல.

அவர்கள் கேட்பது உண்மையாக இருந்தால் மழுப்பாதீர்கள். வரதட்சணை பற்றிக் கேட்டவரிடம் ஒருமுறை "அதெல்லாம் அந்தக் காலம்" என்று அளந்தேன். பக்கத்தில் நின்ற கேரளத்துச் சேச்சி களுக்கென்று சிரித்துவிட்டார். மானம் போயிற்று. இப்போது, 1961-லேயே தடைச் சட்டம் வந்தும் இன்னும் வாங்குகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இதை ஒப்புக்கொண்டால்தான் பாம்பு விஷயத்திலும் நம்மை நம்புவார்கள்.

கேலிக்கென்றே கேட்பவர்களிடம் நோட்டை எடுக்கவே வேண்டாம். டியூட்டி இருக்கிறது என்று நகர்ந்துவிடுங்கள்.

என் நோட்டு மடித்து மடித்து நைந்துவிட்டது. அடுத்த லீவில் ஊரிலிருந்து இரண்டு எடுத்து வர வேண்டும். ஒன்று தாத்தாவுக்கு.