கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) முன்னால் ஹெச்எஃப் டிரைவர் மாற்றப் போகிறவர்களுக்கு

ஹெச்எஃப் டிரைவர் என்றால் ஸ்பீக்கர் பெட்டியில் மேல் சுருதிச் சத்தத்தைத் தரும் பாகம். கடையில் இரண்டு டிரைவரை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டால், சத்தம் கூடுதலாக வருவதைத்தான் காது பிடித்துக்கொள்ளும். அது நல்ல டிரைவர்தானா என்பது வேறு கேள்வி.

முதலில் இரண்டையும் ஒரே ஹாரனில் (டிரைவர் முன்னால் மாட்டும் புனல்), ஒரே கிராஸ்ஓவரில் (பேஸையும் மேல் சுருதியையும் பிரித்து அனுப்பும் கருவி), ஒரே ஆம்ப்பில் மாட்டுங்கள். ஹாரன் மாறினால் சத்தத்தின் குணமே மாறிவிடும். பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, போனில் டெசிபல் ஆப்பை இரண்டு தடவையும் அதே இடத்தில் வைத்து அளவைச் சமப்படுத்துங்கள். ஆப் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் போதும். கிராஸ்ஓவர் இல்லாமல் நேராகப் பாட்டைக் கொடுத்துவிடாதீர்கள், பேஸ் ஏறினால் டயாப்ரம் (உள்ளே அதிரும் மெல்லிய தகடு) காலி. 2 கிலோஹெர்ட்ஸில் வெட்டும் (அதற்குக் கீழே உள்ளதை அனுப்பாமல் விடும்) 8 ஓம் டிரைவருக்கு, ஆக்டிவ் கிராஸ்ஓவர் (ஆம்ப்புக்கு முன்னாலேயே பிரிப்பது) இருந்தாலும்கூட, தொடரில் ஒரு 20 மைக்ரோஃபாரட் கண்டென்சர் காவலுக்கு இருக்கட்டும்.

எதைப் போட்டுக் கேட்பது? நம்ம ஊர்க் கொடைக்கு வில்லுப்பாட்டுதான் சரி: பாடுகிறவர் குரல், உடுக்கு, வில்லில் கட்டிய மணி எல்லாம் ஒரே நேரத்தில் வரும். மணிச் சத்தம் தனித்தனியாகக் கேட்கிறதா, இல்லை சல்லென்று ஒரே இரைச்சலா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், குரல். 15 இன்ச் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக நேர் முன்னால்தான் கேட்கும், பந்தல் ஓரத்தில் இருப்பவருக்குச் சொல் புரியாது, அதனால் டிரைவர் கீழே எவ்வளவு தூரம் சுத்தமாக இறங்குகிறது என்பதுதான் என் முதல் கேள்வி. 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும் என்று அட்டையில் போட்டிருப்பதை நான் கண்டுகொள்வதில்லை. 44 மில்லிமீட்டர் காயில் (டயாப்ரத்தை அசைக்கும் கம்பிச் சுருள்) உள்ள, வாய் 1 இன்ச் இருக்கும் டிரைவரைப் பொதுவாக 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் வெட்டுவார்கள். 75 மில்லிமீட்டர் காயில் உள்ள 1.4 இன்ச் டிரைவர் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்கும், ஆனால் அதற்கு ஹாரனும் பெரிதாக இருக்க வேண்டும்.

அப்புறம் நையாண்டி மேளம் போட்டு, கொடையில் வைக்கிற சத்தத்துக்கே ஏற்றிக் கேளுங்கள். மெதுவாக வைத்தால் எல்லா டிரைவரும் நல்ல பிள்ளைதான். டைட்டானியம் டயாப்ரம் பளிச்சென்று இருக்கும், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது சிலது காதைக் கிழிக்கும். பாலிமர் டயாப்ரம் பெரும்பாலும் கொஞ்சம் மென்மை.

வாட்ஸ் ஒப்பிடும்போது இரண்டிலும் ஏஇஎஸ் எண்ணையே (ஒரே தரமுறைப்படி சோதித்த வாட்ஸ்) பாருங்கள், புரோகிராம் என்று போடுவது பெரும்பாலும் அதன் இரட்டிப்பு. வாட்ஸ் இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். நியோடிமியம் காந்தம் என்றால் எடை குறையும், அதற்காகச் சத்தம் நன்றாகிவிடாது.

கடைசியாக, மாற்று டயாப்ரம் இங்கேயே கிடைக்குமா என்று கேட்டு, ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.