தாமஸ் ரயில் செய்ய நீலக் கட்டையை வெளிப்பக்கத்துக்கு மட்டும் வையுங்கள்

லெகோ கட்டையில், கார்ட்டூனில் வரும் நீல நிற தாமஸ் எஞ்சினைச் செய்யும்போது, நீலத்தை வெளியே தெரியும் இடத்துக்கு மட்டும் செலவழியுங்கள். உள்ளே பழைய டப்பாவில் கிடக்கும் எந்த நிறமும் போதும். சென்னைப் பாரிமுனைப் பக்கம் நீலக் கட்டை தேடி அலைவதும் பாதியாகக் குறையும்.

கணக்கு இதுதான் (குமிழ் என்பது கட்டையின் மேலே உள்ள சிறு புடைப்பு). 6 குமிழ் அகலம், 14 குமிழ் நீளம் வைத்தால் ஓர் அடுக்குக்கு 84 குமிழ். அதில் சுற்றுவரிசை 36தான். மீதி 48 கண்ணிலேயே படாது. மேல் அடுக்கு மட்டும் முழுக்க நீலமாக இருக்கட்டும். ஒன்று முக்கியம்: சுற்றுச்சுவரை மட்டும் தனியாக ஏற்றிக்கொண்டே போனால், குழந்தை தூக்கும்போது பக்கவாட்டில் பிளந்துவிடும். அதனால் இரண்டு அடுக்குக்கு ஒருமுறை, 2×4 நீலக் கட்டையைக் குறுக்கே வையுங்கள். முனையில் 2 குமிழ் மட்டும் வெளியே நீலமாகத் தெரியும், மீதி உள்ளே போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். செங்கல் சுவரில் கொத்தனார் செய்வதும் இதைத்தான்.

ஓட்டுநர் அறைக்கு இது ஒத்துவராது. ஜன்னல் வழியே உள்நிறம் தெரியும். மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் வைப்பதாக இருந்தால் உள்ளே காலியாகத்தான் விட வேண்டும். அப்புறம், வேறு கம்பெனிக் கட்டையைக் கலப்பதாக இருந்தால், லெகோ கட்டையின் பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள். லெகோ கட்டை 9.6 மில்லிமீட்டர். சிறிது வித்தியாசம் இருந்தாலும், அடுக்க அடுக்க அது சேர்ந்து மேல்தட்டு சரியாக உட்காராமல் போகலாம்.