கைவிடப்பட்ட பாசெட் ஹவுண்டைத் தத்தெடுக்கப் போகிறீர்களா? முதலில் காதைப் பழகுங்கள்

எங்கள் நாய் பொன்னியைச் சென்னைப் புறநகரில் ஒரு காலி மனையில் கண்டெடுத்தார்கள். கழுத்தில் பட்டை இல்லை. மடி தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கியிருந்தது. ஈற்றுக்கு மேல் ஈற்றாகக் குட்டி போட வைத்துவிட்டு, இனி பயனில்லை என்றதும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். டாக்டர் பல்லைப் பார்த்து ஐந்து வயது இருக்கும் என்றார். மீட்டவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து என் மனைவி கேட்டது: "ஹஷ் பப்பீஸ் செருப்பு டப்பாவில் இருக்குமே, அந்த நாயா?" அதே இனம்தான்: நீளக் காதும் குட்டைக் காலும் உள்ள பாசெட் ஹவுண்ட்.

ஒன்றரை வருடத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தடுப்பூசி அட்டவணை, குடற்புழு மருந்து போன்றவற்றை எந்தக் கால்நடை டாக்டரும் சொல்லிவிடுவார். அதனால் இங்கே பாசெட்டுக்கு மட்டும் உரிய விஷயங்கள்.

படி 1: வீட்டில் பேசி முடிவெடுங்கள்

இது பிரான்சில் முயல் வேட்டைக்கென்று வளர்த்த இனம். 'பா' என்றால் பிரெஞ்சில் தாழ்வானது என்று பொருள். மோப்பத்தில் பிளட்ஹவுண்ட் என்ற நாய் இனத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான் என்பார்கள். வாசனை பிடித்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. ஆகவே வெளியே போனால் எப்போதும் கயிறு உங்கள் கையில் இருக்க வேண்டும். "நல்லா பழகிடுச்சு, அவிழ்த்து விடலாம்" என்று ஒரு நாளும் நினைக்காதீர்கள்.

குரலும் அப்படித்தான். பின்னால் வரும் வேட்டைக்காரனுக்குக் கேட்கும்படி நீட்டி ஊளையிட வளர்த்த தொண்டை அது. அடுக்குமாடியில் இருந்தால் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குடியிருப்போர் சங்கம் செல்லப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. ஆனாலும் சட்டம் பேசி ஆரம்பிப்பதைவிட ஒரு டம்ளர் காபியில் ஆரம்பிப்பது நல்லது.

இன்னொன்று எடை. குட்டைக் கால்களைப் பார்த்துச் சின்ன நாய் என்று நினைத்துவிடுகிறார்கள். வளர்ந்த பாசெட் 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். மாடி வீடு, லிஃப்ட் இல்லை என்றால், உடம்பு முடியாத நாளில் யார் தூக்குவது என்று இப்போதே பேசிவிடுங்கள்.

படி 2: காகிதமும் ரத்தப் பரிசோதனையும்

முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லு இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அது கைவிடப்பட்ட நாயாக இல்லாமல், தொலைந்த நாயாகவும் இருக்கலாம். எங்கோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். இல்லை என்று உறுதியானதும் தத்தெடுப்புப் படிவத்தில் கையெழுத்து, கருத்தடை, உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை. சென்னையில் தெருவில் கிடந்த நாய் என்றால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பொன்னிக்குத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. வெளியில் பார்க்க எந்த அறிகுறியும் இல்லை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பொன்னியின் மடியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 50 ரூபாய் நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது.

படி 3: காது

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். "நாத்தம் தாங்கலை" என்று சொல்லித்தான் நிறைய பேர் பாசெட்டை விடுகிறார்கள். அந்த நாற்றம் பல நேரம் காதிலிருந்து வருகிறது. அது நோய். மருந்து போட்டால் போய்விடும்.

நாயின் காதுக் குழாய் நம்முடையதைப் போல நேராகப் போவதில்லை. 'ட' எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாகத் திரும்புகிறது. அதற்கு மேல் ஒரு கனத்த மடல் கதவு போல மூடிக்கிடக்கிறது. உள்ளே ஈரம், சூடு, காற்றே இல்லை. ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருக இதைவிட வசதியான இடம் கிடையாது. பொன்னியின் மடலைத் தூக்கியபோது நாலு நாள் புளித்த இட்லி மாவின் வாடை அடித்தது. உள்ளே காபித்தூள் நிறத்தில் பிசுக்கு.

நான் செய்த முதல் தவறு, பட்ஸை விட்டுத் துடைத்தது. 'ட'வின் வளைவுக்குள் அழுக்கை நானே தள்ளி அடைத்துவிட்டேன். இரண்டாவது தவறு இன்னும் பெரியது. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை, வாடை போய்விட்டதே என்று ஐந்தாம் நாளில் நிறுத்தினேன். மூன்று வாரத்தில் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ராத்திரி முழுக்க முனகினாள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் டாக்டர். காதுக்குள் கருவி விட்டுச் செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால் சில திரவங்கள் உள்ளே போய்க் கேட்கும் திறனையே பாதிக்கும். பஞ்சில் எடுத்த அழுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஈஸ்டா, பாக்டீரியாவா என்று சொல்லட்டும். பார்க்காமலே மருந்து எழுதினால் வேறு டாக்டரைப் பாருங்கள். மருந்தை அவர் சொன்ன கடைசி நாள் வரை போட்டு, மறுபடி ஒரு முறை காட்டி, அவர் போதும் என்ற பிறகே நிறுத்துங்கள்.

ஆறிய பிறகு வாரம் ஒரு முறை வீட்டில் சுத்தம் செய்யலாம். நான் செய்யும் முறை: சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, அவளை இரண்டு காலுக்கு நடுவில் உட்காரவைப்பேன். மடலைப் பிடித்து இழுக்காமல் மேல்பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும். காது கழுவும் திரவப் பாட்டிலை இரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்து குளிர்ச்சியைப் போக்குங்கள். பாட்டில் முனை காதில் படாமல், துளை நிறையும் வரை ஊற்றுங்கள். காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசையுங்கள். 'சளக் சளக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் திரவம் போதவில்லை. பிறகு விட்டுவிடுங்கள். தலையை உதறுவாள், வளைவில் இருந்ததெல்லாம் மேலே வரும். வந்ததை மட்டும் விரலில் சுற்றிய பஞ்சால் துடைத்தால் போதும். கடைசியில் வேகவைத்த கோழி ஒரு துண்டு. இப்போது பாட்டிலை எடுத்தாலே அவளாக வந்து காலுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள்.

தேங்காய் எண்ணெய், பூண்டு எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். தொட்டாலே கத்தினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். மாதா மாதம் திரும்பி வருகிறதென்றால் அடியில் ஒவ்வாமை இருக்கக்கூடும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

படி 4: முதுகு

நீள முதுகு, குட்டைக் கால். முதுகெலும்பின் இடைத்தட்டு நழுவும் ஆபத்து இந்த உடலமைப்பிலேயே இருக்கிறது. கட்டில், சோபாவிலிருந்து குதிக்கவிடாதீர்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்னங்கால்களுக்கு அடியில், முதுகு தரைக்கு இணையாக இருக்கட்டும். டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரித்தோம். விலை உயர்ந்த நாய்க் கட்டிலைவிட இதற்கு முதலில் செலவழிக்கச் சொல்வேன். எடை ஏறினால் முதுகுக்குத்தான் முதல் அடி. கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். அந்தக் கண்களைப் பார்த்து இரக்கப்பட்டு நெய்ச்சோறு போடாதீர்கள்.

படி 5: ஹார்னஸ்

கழுத்துப்பட்டையில் கட்டி இழுத்தால் கழுத்துக்கு வலி, அதோடு தளர்ந்த தோலில் பட்டை நழுவியும் வரும். நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டைதான் ஹார்னஸ். முன்பக்கம் ஆங்கில ஒய் (Y) எழுத்து போலக் கூடுவதுதான் என் தேர்வு. எடையைப் பார்த்து ஆர்டர் செய்யாதீர்கள், நெஞ்சுச் சுற்றளவை நூலால் அளந்து வாங்குங்கள். எடைக் கணக்கில் வாங்கிய இரண்டு எனக்கு வீணாயின.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டு, சாப்பிடும்போது மடல் கிண்ணத்தில் விழுந்து நனைகிறது, நுனியில் புண் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். வாய் குறுகிய, ஆழமான கிண்ணம் வாங்குங்கள். பழைய டி-ஷர்ட் கையை வெட்டித் தலையில் மாட்டிவிட்டால் இரண்டு காதும் அதற்குள் அடங்கும். இறுக்கமாக இருக்கக்கூடாது, சாப்பிட்டதும் கழற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: சாப்பிட்ட கையோடு ஓடவிட்டதில் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் வராமல் தவித்த பாசெட்டைப் பற்றி இன்னொருவர் சொன்னார். ஆழமான நெஞ்சுள்ள இனங்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. விடியும்வரை காத்திருந்தால் உயிர் போய்விடும். ஒரே வேளையாகப் போடாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது ஓய்வு. ராத்திரியில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை உங்கள் பகுதியில் எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.