கனமானது மூழ்கும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்நகர் பக்கம் வீட்டு வராந்தாவில் 14 வருடமாக டியூஷன் எடுக்கிறேன். இப்போது ஆறு முதல் எட்டு வரை மட்டும். இந்த வருடம் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அதனால் என்னிடம் படித்து பி.எட். முடித்த இரண்டு பேரை உதவிக்கு அழைத்தேன். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் அறிவியலில் பழைய பாடங்களை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை. நான் அடுத்த அறையில் பேப்பர் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் நாள் பேனாவை கீழே வைத்துவிட்டேன். “கனமான பொருள் தண்ணியில மூழ்கும், கனமில்லாதது மிதக்கும். எழுதிக்கோங்க” என்றாள் அந்தப் பெண். அவள் என் முதல் செட்டில் ஏழாம் வகுப்பு படித்தவள். அந்த வாக்கியத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவள் எட்டாம் வகுப்புக்கு வேறு ஊர் போய்விட்டாள். நான் பிறகு மற்றப் பிள்ளைகளுக்குத் திருத்திச் சொன்னது அவளுக்குப் போய்ச் சேரவில்லை. இப்போது அது இன்னும் 20 பிள்ளைகளின் நோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். அலகு எழுத மறப்பது, படத்தில் பாகம் குறிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் யாரும் கவனிக்கிற தவறுகள். சொல்லிக்கொடுப்பவருக்கே தெரியாமல் நடக்கிற தவறுகளைத்தான் சொல்கிறேன்.

“புரிஞ்சுதா?” என்று கேட்பது

கேட்காதீர்கள். “புரிஞ்சு சார்” என்று வராந்தா முழுக்கச் சேர்ந்து சொல்லும். “இப்ப நான் இதைச் செய்தா என்ன நடக்கும், எழுது” என்று கேளுங்கள். எழுதி முடிக்கும் வரை செய்து காட்டாதீர்கள்.

கனமும் மிதப்பதும்

முதலில் என் கதையைச் சொல்கிறேன். அந்த முதல் செட்டில் குளச்சலிலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் அப்பா கடல்தொழிலுக்குப் போகிறவர். வலையின் மேல் விளிம்பில் மிதவை, கீழ் விளிம்பில் ஈயக்குண்டு என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை. எது மிதக்கும், எது தாழும் என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவான். அவனுக்கும் நான் அந்த வாக்கியத்தைக் கொடுத்தேன். அவனும் எழுதிக்கொண்டான். இரும்பு ஆணி மூழ்கும், தக்கை மிதக்கும் என்று பரீட்சையில் எழுதி முழு மார்க்கும் வாங்கினான். நானும் அந்தப் பாடம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்போது பத்து வரை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் செட் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது ஆர்க்கிமிடிஸ் தத்துவம் சொல்ல வேண்டி வந்தது. மூழ்கிய பொருள் எவ்வளவு தண்ணீரை இடம்பெயர்க்கிறதோ, அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தூக்கும். இரண்டு வாரம் போராடினேன், ஏறவில்லை. கப்பல் ஏன் மிதக்கிறது என்று கேட்டேன். “கப்பல் கனமில்லாததால் மிதக்கிறது” என்று அவனே எழுதிக்கொடுத்தான். பத்துப் பேர் சேர்ந்தும் நகர்த்த முடியாத படகைத் தினமும் பார்க்கிற பையன் எழுதியது அது. கேட்டபோது, “நீங்க சொன்னதுதான சார்” என்றான். கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். இன்று நினைத்தாலும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு எளிதாக நுழைகிறது என்று பிறகு யோசித்தேன். பாதிப் பழி ‘கனம்’ என்ற சொல்லுக்குப் போகும். “பெட்டி நல்ல கனம்” என்றால் தூக்க முடியவில்லை என்று அர்த்தம். “கனமான துணி” என்றால் தடிமன். அறிவியல் புத்தகத்தில் ‘கன அளவு’, ‘கன செ.மீ.’ என்று வரும்போதோ அது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘கன அளவு’ என்று வாசித்தால், எவ்வளவு கனம் என்று கேட்கிறார்கள் என்றுதான் நினைக்கும். பிறகு அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுப்பது என்று நாம் போர்டில் எழுதினால், கனத்தைக் கனத்தால் வகுக்கச் சொல்வது போல அதற்குத் தோன்றும். கேள்வி கேட்காது, மனப்பாடம் செய்துவிடும். அதனால் நான் இப்போது ‘பருமன்’ என்றுதான் சொல்கிறேன். அதற்கும் முன்னால், “எவ்வளவு இடத்தைப் பிடிக்குது?” என்று ஒரு வாரம் வாய்மொழியாகவே பழக்குவேன்.

ரிவிஷன் என்றால் சூத்திரத்திலிருந்து தொடங்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். தோலுரித்த மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) ஒன்று, அதிலிருந்து நகம் அளவுக்குச் சீவிய துண்டு ஒன்று, பெரிய மெழுகுவர்த்தி ஒன்று, அதில் சுரண்டிய துணுக்கு ஒன்று. எது மிதக்கும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். என் வராந்தாவில் முக்கால்வாசிப் பேர் கிழங்குத் துண்டு மிதக்கும், பெரிய மெழுகுவர்த்தி மூழ்கும் என்றுதான் எழுதுவார்கள். போட்டுப் பாருங்கள். கிழங்கு பெரிதும் தாழும், சிறிதும் தாழும். மெழுகு பெரிதும் மிதக்கும், சிறிதும் மிதக்கும். அந்த இடத்தில் யாராவது ஒரு பிள்ளை, “அப்ப வெயிட்டுல ஒண்ணும் இல்லையா சார்?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அடர்த்தி என்ற சொல்லை எடுக்க வேண்டும். தண்ணீரில் ஒரு கன செ.மீ. 1 கிராம். இரும்பில் அதே இடத்துக்கு ஏறக்குறைய 7.9 கிராம். பாதரசத்தில் 13.6. இரும்பு ஆணியைப் பாதரசத்தில் போட்டால் மிதக்கும் என்பதை இப்போது அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். பாதரசத்தை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள், அதன் ஆவி விஷம்.

நம் மாவட்டத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க வெளியே எங்கும் தேட வேண்டாம். மேற்கே குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் ரப்பர் பால் உண்டு. ஷீட் அடிக்காமல் பாலாகவே விற்கும் இடத்தில் மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடிக் குழலைப் பாலுக்குள் இறக்கி, அது எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பார்கள். மாட்டுப்பால் வாங்கும் இடத்திலும் அதே மாதிரி ஒரு குழல்தான், பேர் லாக்டோமீட்டர். புத்தளம் பக்கத்து உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் எத்தனை டிகிரி (சூடு இல்லை, அடர்த்தியைச் சொல்லும் போமே டிகிரி) என்று பார்ப்பதும் இதே வகைக் குழலால்தான். 25 டிகிரி வாக்கில் வந்தால் உப்பு படியத் தொடங்கும்.

இப்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மாட்டுப்பாலில் தண்ணீர் சேர்த்தால் குழல் இன்னும் கீழே இறங்குமா, மேலே ஏறுமா? ரப்பர் பாலில் தண்ணீர் சேர்த்தால்? இரண்டும் பால், இரண்டிலும் தண்ணீர். பதில் மட்டும் நேர்மாறு. மாட்டுப்பால் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. தண்ணீர் சேர்ந்தால் அடர்த்தி குறையும், குழல் இறங்கும். ரப்பர் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் ரப்பர் பாலில் தண்ணீர் சேர்ந்தால் அடர்த்தி கூடும், குழல் ஏறும். இந்த ஒரு கேள்விக்குச் சரியான காரணத்தோடு பதில் சொல்லும் பிள்ளைக்கு அடர்த்திப் பாடத்தை நான் திரும்ப எடுப்பதில்லை.

இரும்புக் கப்பலுக்கு வருவோம். இங்கே புதியவர்கள் அலுமினியத் தாளை எடுத்துவருவார்கள். படகு மாதிரி மடித்தால் மிதக்கும், கசக்கி உருண்டையாக்கினால் மூழ்கும் என்று சொல்லிவிட்டுப் போடுவார்கள். உருண்டையும் மிதக்கும். உள்ளே காற்று சிக்கியிருக்கும். ஆசிரியர் முகம் மாறும், பிள்ளைகள் சிரிக்கும், பாடம் அதோடு போகும். எனக்கு அது இரண்டு தடவை நடந்திருக்கிறது. களிமண் பயன்படுத்துங்கள். உருண்டை தாழும், அதே மண்ணைக் கிண்ணமாக்கினால் மிதக்கும். எடை மாறவில்லை, கிண்ணம் தள்ளிவிடுகிற தண்ணீர் கூடிவிட்டது. கப்பலும் அப்படித்தான். இரும்பும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மொத்த இடத்துக்கு அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. ஓட்டை விழுந்து காற்று இருந்த இடத்தில் தண்ணீர் ஏறினால் கதை முடிந்தது.

இவ்வளவுக்கும் இரண்டு மாலை போதும். அந்த ஒரு வரியைச் சொல்ல அரை நிமிடம்தான் ஆகும். அதைப் பிறகு பிடுங்கி எடுக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

எடையும் நிறையும்

ரேஷன் கடையில் ஐந்து கிலோ அரிசி எடை போட்டார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள். கடையில் அது சரியான தமிழ். புத்தகத்தில் கிலோகிராம் நிறை, நியூட்டன் எடை. ஒரு கிலோ அரிசியைப் பூமி 9.8 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. நிலாவில் அது ஆறில் ஒரு பங்காகும், அரிசி ஒரு மணியும் குறையாது. கடைக்கு ஒரு பேச்சு, பரீட்சைத் தாளுக்கு ஒரு பேச்சு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். கடைப்பேச்சைத் தப்பு என்று சொன்னால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சண்டை போடும், தேர்வில் குழம்பும்.

காத்தாடி கரண்டை உண்டாக்குகிறது

முப்பந்தல் காத்தாடி, அதாவது காற்றாலை, காற்றின் இயக்க ஆற்றலை மின்னாற்றலாக மாற்றுகிறது. இல்லாத ஆற்றலை உண்டாக்கவில்லை.

படத்தை மட்டும் வைத்து மின்சுற்று

ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பி. எரிய வை என்று கையில் கொடுங்கள். போர்டில் மின்சுற்று அழகாக வரைகிற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பல்புக்கு இரண்டு முனை உண்டு, அடியில் ஒன்று, பக்கவாட்டு உலோகத்தில் ஒன்று, இரண்டு வழியாகவும் மின்னோட்டம் போய் வரவேண்டும் என்பது படத்தில் தெரியாது.

பழைய டார்ச் பல்பு இப்போது கடையில் கிடைப்பது கஷ்டம். எல்.இ.டி. வாங்குகிறவர்கள் கவனிக்கவும். வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் வாக்கில் வேண்டும், ஒரு பேட்டரி 1.5 வோல்ட்தான் தரும். இரண்டைத் தொடராக வையுங்கள். கால்களை மாற்றி இணைத்தாலும் எரியாது. வகுப்புக்கு முன்னால் ஒரு தடவை வீட்டில் செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒரே மாலையில் மூன்று பாடம்

வேண்டாம்.

வெள்ளையாகத் தெரிவதுதான் நீராவி என்பது

புட்டுக்குழலை அடுப்பில் வைத்திருக்கும்போது பிள்ளையை அருகில் அழைத்துக் காட்டுங்கள், கை நீட்ட விடாதீர்கள். துளையை ஒட்டி ஒன்றும் தெரியாத ஒரு சின்ன இடைவெளி இருக்கும். நீராவி இருப்பது அங்கே. அதற்கு மேலே வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து மறுபடி தண்ணீரான துளிகள். கொதிக்கும் தண்ணீரில் எழும் பெரிய குமிழிகளுக்குள் என்ன என்று கேட்டால் காற்று என்பார்கள், சிலர் ஆக்ஸிஜன் என்பார்கள். அதுவும் நீராவிதான்.

பூமியின் நிழலால் பிறை

இதை ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நாம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். சித்திரா பௌர்ணமி அன்று சாயங்காலம் மேற்கே கடலில் சூரியன் இறங்கும்போது கிழக்கே கடலிலிருந்து நிலா ஏறுவதைப் பார்க்க ஊரெல்லாம் கூடும். அதைப் பார்த்த பிள்ளையிடம் கேளுங்கள்.

“மக்களே, சூரியன் எந்தப் பக்கம்?”

“மேக்க சார்.”

“நிலா?”

“கெழக்க.”

“நடுவுல நிக்கது ஆரு?”

“நாம. பூமி.”

“அப்ப பூமி நிழல் அண்ணைக்கில்லா நிலா மேல விழணும்? அண்ணைக்கு எப்படி முழு நிலா?”

பதில் வர நேரம் கொடுங்கள். அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். பிறகு அறையை இருட்டாக்கி ஒரே ஒரு பல்பைப் போட்டு, ஒரு பந்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். பந்தின் பாதி எப்போதும் வெளிச்சத்தில்தான் இருக்கும். அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதுதான் பிறை. பல்பு முதுகுக்குப் பின்னால் வரும்போது பந்தைத் தலைக்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், முழு நிலா தெரியும். நிலாவின் பாதை ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் அது பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடுகிறது. பந்தை அப்படியே இறக்கித் தலையின் நிழலுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். “கிரகணம் சார்!” என்று பிள்ளையே சொல்லும்.